வீட்டுக் குழாய் வேலை: முதலில் வால்வு எங்கே என்று தெரிந்துகொள்வோம்

(நமது அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில், வளைகுடாவில் 17 ஆண்டுகள் குழாய் வேலை பார்த்துத் திரும்பிய நம் மஹல்லா சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)



மேடையில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. கையில் ஸ்பேனரும் தோளில் துண்டுமாக, யார் வீட்டுக் குளியலறையிலோ குனிந்து உட்கார்ந்தே என் பாதி வயது போய்விட்டது. "உனக்குத் தெரிந்த வேலையை ஊர் மக்களுக்குச் சொல்லிக் கொடு, போதும்" என்று அறக்கட்டளைக் காக்காமார்கள் சொன்னதால் வந்திருக்கிறேன். பேச்சில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் சந்தேகம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு வெட்கமான கதைதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்கள் மனதில் நிற்காது.

நான் சவூதியில் இருந்த காலம். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து போன். நம் ஊரில் அப்போது நடுநிசி தாண்டி ஒன்றரை மணி. மனைவி பதறுகிறாள். "பாத்ரூம்ல ஏதோ டப்புன்னு வெடிச்சிருச்சு. தண்ணி பீச்சி அடிக்குது. ஹால் வரைக்கும் வந்துருச்சு." வீட்டில் உம்மா, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஆண் துணை யாருமில்லை.

"வால்வை மூடு" என்றேன்.

"எந்த வால்வு? எங்க இருக்கு?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அந்த வீட்டுக்குக் குழாய் போட்டவனே நான்தான். அடுத்தவன் நாட்டில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வால்வு மாட்டி, அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "இதுதான் உங்கள் வால்வு, இப்படித்தான் மூட வேண்டும்" என்று காட்டிக் கையெழுத்தும் வாங்கியவன் நான். என் சொந்த வீட்டில் உம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு நாள்கூடக் காட்டவில்லை.

போனில் வழி சொல்லி மனைவியை மொட்டைமாடிக்கு அனுப்பினேன். வால்வு உப்புப் பிடித்து இறுகிக் கிடந்தது. அவள் கைக்கு அசையவில்லை. அதற்குள், பிள்ளைகள் வழுக்கி விழுந்துவிடுவார்களே என்று தண்ணீரைத் தள்ளிவிடப் போன உம்மா, அதே தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆயிரம் லிட்டர் தொட்டி காலியான பிறகுதான் தண்ணீர் நின்றது.

வெடித்தது என்ன தெரியுமா? ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் போகும் ஒன்றரை அடி ஹோஸ். அதன் அடியிலேயே, சுவரோடு ஒட்டி, கட்டைவிரல் அளவில் ஒரு ஆங்கிள் வால்வு இருந்தது. அதைக் கையால் வலப்பக்கமாக நான்கு திருப்புத் திருப்பியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். ஒரு பிள்ளைகூடச் செய்திருக்கலாம்.

நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு லீவு கிடைத்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது உம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அழுதேன். உம்மா அழவில்லை. "அது கிடக்கட்டும் வாப்பா, அந்தத் தண்ணிய எப்படி நிறுத்துறதுன்னு எனக்கு இப்ப காட்டு" என்றார்கள். அன்று உம்மாவுக்குக் காட்டியதைத்தான் இன்று உங்களுக்கும் காட்ட வந்திருக்கிறேன்.

முதல் பாடம்: தண்ணீரை நிறுத்துவது

குழாய் வேலை என்றால் பைப்பை அறுப்பது, ஒட்டுவது என்று நினைக்கிறோம். அது பிறகு. தண்ணீரை நிறுத்தத் தெரிவதுதான் முதல் பாடம். அது மட்டும் தெரிந்தால், மற்ற எந்த வேலையையும் பொழுது விடிந்து ஆள் வந்து செய்துகொள்ளலாம்.

நம் வீடுகளில் பொதுவாக மூன்று இடத்தில் தண்ணீரை நிறுத்தலாம். ஒன்று, மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பைப்பில் உள்ள கேட் வால்வு. சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கலாம். இரண்டு, சில வீடுகளில் குளியலறைச் சுவருக்குள் பதித்திருக்கும் வால்வு. மூன்று, வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், கீசர் இவற்றின் அடியில் இருக்கும் சிறிய ஆங்கிள் வால்வு. எல்லாமே வலப்பக்கம் திருப்பினால் மூடும், இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். கைப்பிடி நீளமாக இருக்கும் பால் வால்வு மட்டும் வேறு மாதிரி. கைப்பிடி பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

இந்த வாரம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வால்வாக மூடிவிட்டு, எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். பெயிண்டாலோ மார்க்கராலோ வால்வின் பக்கத்தில் 'சமையல்', 'குளியலறை' என்று எழுதி வையுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தெரிந்து என்ன பயன்?

நம் பக்கத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிவிடும். மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். கேட் வால்வை முழுவதும் திறந்த பிறகு கால் சுற்று திரும்ப மூடி வைத்தால் அது சிக்கிக்கொள்ளாது. ஏற்கெனவே இறுகிவிட்டதைப் பெரிய ரெஞ்சு போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறியும், அல்லது பைப்போடு சேர்ந்து உடையும். ஆளை வைத்து மாற்றிவிடுங்கள். வீட்டில் செலவு செய்ய ஒரே ஒரு குழாய் வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அந்தப் பணத்தில் வால்வை மாற்றுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான்கள்

பெரிய பெட்டி ஒன்றும் தேவையில்லை. விட்டம் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் தட்டையிலும் நட்சத்திரத்திலும் ஒவ்வொன்று, டெஃப்லான் டேப் இரண்டு சுருள், அரை இஞ்சு வாஷர் நாலைந்து, அரை இஞ்சு எண்டு பிளக் ஒன்று, பழைய துணி, ஒரு வாளி, ஒரு டார்ச். எண்டு பிளக் எதற்கு? ஒரு குழாய் உடைந்து கையோடு வந்துவிட்டால், வால்வை மூடிவிட்டு அந்த ஓட்டையில் இதை முறுக்கி வைத்தால் போதும். மற்ற குழாய்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்.

சொட்டும் குழாய்

சொட்டுத்தானே என்று விடுகிறோம். ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 24 லிட்டர். வருடத்துக்கு 8,760 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு எட்டு தொட்டிக்கும் மேலே. அத்தனையும் மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர். அது விழும் இடத்தில் பாசி பிடித்து வழுக்குவது தனி ஆபத்து. இரு கை சேர்த்து அள்ளும் நான்கு மடங்கில் குளிப்பையும், ஒரே அள்ளலில் உளூவையும் முடித்த நபியவர்களின் உம்மத் நாம். நம் வீட்டில் யாரும் பயன்படுத்தாமலேயே வாளி வாளியாகப் போகிறது.

பழைய பித்தளைக் குழாய், அதாவது பல சுற்றுத் திருப்பி மூடும் குழாய் சொட்டினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றும் முறை இதுதான்.

அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடிய விடுங்கள். தண்ணீர் நிற்கவில்லை என்றால் தப்பான வால்வை மூடியிருக்கிறீர்கள், மேற்கொண்டு போகாதீர்கள். தரையில் உள்ள தண்ணீர் போகும் துளையைத் துணியால் மூடுங்கள். புதிதாகச் செய்பவர்களின் ஸ்க்ரூ போகும் இடம் அதுதான்.

குழாயின் தலைப்பகுதியில், கைப்பிடிக்குக் கீழே ஆறு பட்டையுள்ள ஒரு நட்டு இருக்கும். துணியைச் சுற்றி ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கம் திருப்புங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு கையால் குழாயின் உடம்பை இறுகப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால், குழாயோடு சேர்ந்து சுவருக்குள் இருக்கும் பைப்பும் திரும்பும். ஐந்து ரூபாய் வேலை சுவரை உடைக்கும் வேலையாகிவிடும்.

தலை கழன்று வந்ததும் அடியில் வாஷர் தெரியும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். குழாய்க்குள் வாஷர் வந்து உட்காரும் இடத்தை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. பள்ளம் விழுந்து கீறல் தட்டினால் புது வாஷரும் நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும். புது வாஷரைப் போட்டு, கைப்பிடியைப் பாதி திறந்த நிலையில் வைத்துத் தலையைத் திரும்ப மாட்டுங்கள். மூடிய நிலையில் வைத்து முறுக்கினால் வாஷர் நசுங்கும். பிறகு வால்வை மெதுவாகத் திறங்கள்.

கால் சுற்றிலேயே மூடித் திறக்கும் புதுவகைக் குழாயில் ரப்பர் வாஷர் இல்லை. உள்ளே செராமிக் தட்டு வைத்த ஸ்பிண்டில் இருக்கும். அது கெட்டால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல் வாங்காதீர்கள்.

ஹோஸும் டெஃப்லான் டேப்பும்

என் வீட்டைக் கெடுத்த ஹோஸுக்கு வருகிறேன். வாஷ்பேசினுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் அடியில் உள்ள ஹோஸை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே உள்ள எஃகுப் பின்னல் துருப்பிடித்திருந்தாலோ, ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ, மடிந்து வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்றுவது எளிது. ஆங்கிள் வால்வை மூடி, அடியில் வாளி வைத்து, இரண்டு பக்கத்து நட்டையும் கழற்றுங்கள். புது ஹோஸின் இரண்டு முனையிலும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் முடிந்த மட்டும் முறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். இங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர்தான்.

டேப் எங்கே தேவை? மரை உள்ள முனையைச் சுவரிலோ பைப்பிலோ நேரடியாக முறுக்கும் இடத்தில். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கட்டும். கடிகார முள் சுற்றும் பக்கமாக இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது டேப் அவிழ்ந்து சுருண்டுவிடும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் பத்துச் சுற்று வரை போகலாம். பிளாஸ்டிக் மரை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். புதிதாக வேலை செய்பவர்கள் உடைப்பதெல்லாம் முறுக்கு குறைந்ததால் இல்லை, கூடியதால்தான்.

சத்தமில்லாத ஒழுகல்கள்

ஃப்ளஷ் டேங்கில் உள்ளுக்குள்ளேயே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. டேங்கின் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால், டேங்கின் அடியில் உள்ள ரப்பர் சீல் போய்விட்டது. அதில் உப்பு படிந்திருந்தால் கழுவிப் பாருங்கள், இல்லையென்றால் சீலை மாற்றுங்கள்.

வீடு முழுவதற்கும் ஒரு சோதனை உண்டு. இஷாவுக்குப் பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அடையாளம் வையுங்கள். இரவில் யாரும் தண்ணீர் புழங்காமலும், தொட்டிக்குத் தண்ணீர் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்கு எழுந்ததும் போய்ப் பாருங்கள். மூன்றரை அடி விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஏறக்குறைய 9 லிட்டர் எங்கேயோ போயிருக்கிறது. மறுநாள் இரவு ஒரு வால்வை மட்டும் மூடி வைத்துப் பாருங்கள். எந்த வால்வை மூடும்போது அளவு இறங்கவில்லையோ அந்தப் பக்கத்தில்தான் ஒழுகல். சுவரில் ஈரம் பூத்து, சுண்ணாம்பு உதிர்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

அடைப்பு

சமையலறை சிங்க் அடைப்பதற்குப் பாதிக் காரணம் கொழுப்பு. ஆட்டுக்கறி சமைத்த பாத்திரத்தை அப்படியே சிங்கில் கழுவினால், சூடாகப் போகும் கொழுப்பு பைப்பில் ஆறி மெழுகாக உறையும். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் ஒட்டும். பெருநாளைக்கு மறுநாள் எனக்கு வரும் போன்களே இதற்குச் சாட்சி. சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.

அடைத்துவிட்டால், சிங்கின் அடியில் பாட்டில் போல் தொங்கும் டிராப் இருக்கும். அடியில் வாளி வைத்துக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கழுவி, வாஷரைச் சரியாக உட்கார வைத்து மாட்டுங்கள். மாட்டும் முன் சிங்க் குழாயைத் திறந்துவிடாதீர்கள். சிரிக்கிறீர்கள், நானே செய்திருக்கிறேன்.

அந்த டிராப்பிலும், குளியலறைத் தரையில் உள்ள நாணி டிராப்பிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அது அழுக்கு இல்லை. சாக்கடை நாற்றமும் கரப்பானும் உள்ளே வராமல் தடுக்கும் கதவு அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அடைப்புக்கும் கறைக்கும் ஆசிட் ஊற்றுகிறோம், பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்றை ஊற்றி, போகவில்லையே என்று மற்றதை ஊற்றவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

தொடக்கூடாத வேலைகள்

செய்யத் தெரிவது எவ்வளவு முக்கியமோ, எதைச் செய்யக்கூடாது என்று தெரிவதும் அவ்வளவு முக்கியம்.

கீசரின் உள்வேலை வேண்டாம். அதில் உள்ள பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டினால் பிளக் போட்டு அடைக்காதீர்கள். அது அழுத்தத்தை வெளியேற்றும் வழி. அடைத்தால் கீசரே வெடிக்கலாம். மோட்டாரைத் தொடும் வேலை எதுவானாலும் கரண்டு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். நல்ல தண்ணீர் சம்ப்தானே என்று அலட்சியமும் வேண்டாம். பல நாள் மூடிக் கிடந்த சம்புக்குள் மூச்சுக் காற்று குறைந்திருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், 112-க்கோ 101-க்கோ போன் செய்யுங்கள்.

சுவருக்குள் பைப் உடைந்தால் வால்வை மூடுவதோடு உங்கள் வேலை முடிந்தது. பைப் ஒட்டிப் பழக வேண்டும் என்று ஆசை இருந்தால், தோட்டத்துக் குழாயில் பழகுங்கள். வெந்நீர் போகும் சந்தன நிற பைப்புக்கு ஒரு பசை, குளிர்ந்த நீர் போகும் வெள்ளை பைப்புக்கு வேறு பசை. மாற்றி ஒட்டினால் நிற்காது. ஒட்டியதும் தண்ணீரைத் திறக்கக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட வேண்டும். நான் ஓர் இரவு முழுவதும் விடுவேன்.

பிளம்பரைக் கூப்பிடும்போது

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் உன் தொழில் என்னாவது என்று ஒரு காக்கா கேட்டார். வாஷர் மாற்றும் வேலைக்கு எங்களைக் கூப்பிட்டால், வந்து போகும் நேரத்துக்குக் கூலி கேட்பதா விடுவதா என்று எங்களுக்கே சங்கடம். ஒரு வயதான மாமியிடம் ஐந்து ரூபாய் வாஷருக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது மனசு கேட்காது. வாங்காமல் வந்தால் பெட்ரோலுக்குக் காணாது. எங்களுக்குப் பெரிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

கூப்பிடும்போது நான்கு விஷயம் சொல்லுங்கள். எந்த இடம், என்ன வகைக் குழாய், எப்போதிலிருந்து, வால்வை மூடினால் நிற்கிறதா இல்லையா. ஒரு போட்டோவும் அனுப்பிவிடுங்கள். சரியான சாமானோடு ஒரே தடவையில் வந்து முடிப்போம். கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். முடித்ததும் தண்ணீரைத் திறந்து பார்த்துவிட்டு, அவர் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள். வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லும் வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

என் உம்மா அன்று கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டே பேத்திகள் இரண்டு பேரையும் கூட்டிப் போய், ஆங்கிள் வால்வைக் காட்டி, மூடித் திறக்கச் சொல்லிப் பழக்கினார்கள். மாடி வால்வுக்குப் போக அவர்களால் முடியாது. அதனால் குளியலறை வாசலிலேயே இன்னொரு வால்வு போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நான் திரும்பவும் விமானம் ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் மூத்த மகள் போன் செய்தாள். "வாப்பா, பேசின் ஹோஸ் ஒழுகிச்சு. நான் மூடிட்டேன். காலையில புதுசு வாங்கிட்டு வந்து நானே மாட்டிட்டேன். ராத்திரி உங்களை எழுப்ப வேணாம்னு சொல்லல." அவ்வளவுதான் அவள் பேசியது. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆண் பிள்ளைக்கு ஒரு மாதிரி, பெண் பிள்ளைக்கு ஒரு மாதிரி என்று இதில் இல்லை. வீட்டில் இருப்பவர் யாரோ அவர் தெரிந்திருக்க வேண்டும். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் வழியில் வந்தவர்களுக்கு, ஸ்பேனர் பிடிப்பது குறைவான வேலை இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் சாப்பிடும் முன் ஒரு வேலை. வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிப் போய் வால்வுகளைக் காட்டுங்கள். தெரியாதவர்கள் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை மூடித் திறக்கட்டும். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் என் வீட்டில் செலவழிக்காமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் அவற்றில் இருப்பவர்களையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். நாங்களே கை வைக்கலாமா?

பதில்: வால்வை மூடுவது, வாஷர், ஹோஸ் மாற்றுவது எல்லாம் செய்யலாம். செய்யும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். சுவரை உடைக்கும் வேலை அவர் பொறுப்பு. கசிவைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிட்டால் பின்னால் பேச்சு வராது.

கேள்வி: உம்ராவுக்குப் போகிறோம். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாடி வால்வுகளையும் ஆங்கிள் வால்வுகளையும் மூடுங்கள். மோட்டார், கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு தரைத் துளையிலும் சிங்கிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரை நடுவில் ஒருமுறை வந்து ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் வற்றினால் நாற்றம் வரும். திரும்பி வந்ததும் வால்வை மெதுவாகத் திறந்து, பைப்பில் தேங்கியதை வடிய விட்டுப் பிறகு புழங்குங்கள்.

கேள்வி: ஷவரிலும் குழாயிலும் தண்ணீர் மெல்லியதாக வருகிறது. பைப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். குழாய் நுனியில் உள்ள சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பெரும்பாலும் உப்புத்தான் அடைத்திருக்கும். தொட்டி காலியாகி நிரம்பிய பிறகு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கும். எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் காற்று வெளியேறிவிடும்.